எழுத்து என்னுடையது

எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் பில் குத்துகிற கம்பி ஒன்று இருக்கிறது. அப்பா மளிகைக் கடை வைத்திருந்த காலத்துக் கம்பி. கடையை மூடி ஒன்பது வருஷம் ஆகிறது, கம்பியை மட்டும் தூக்கிப் போட மனம் வரவில்லை. அதில் இப்போது குத்தியிருப்பவை காலண்டர் தாள்கள். வாய்தா நாளில் கோர்ட்டிலிருந்து வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல், அப்பா தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழிப்பார். பின்பக்கம் ஒரு வரி எழுதுவார். கம்பியில் குத்துவார். அப்புறம்தான் கை கால் கழுவப் போவார்.

"ஜட்ஜ் லீவு." "எதிரி வரவில்லை, மனு." "வக்கீல்கள் புறக்கணிப்பு." "எலெக்‌ஷன் டூட்டி, போலீஸ் இல்லை." "டாக்டர் சாட்சி வரவில்லை." இப்படிப் போன மாதம் வரைக்கும் 41 தாள் சேர்ந்திருந்தது. தாளின் முன்பக்கம் ராசிபலன் இருக்கும் இல்லையா, அக்காவுக்குக் கும்ப ராசி. ஒருநாள் கும்பத்துக்கு நேரே "வெற்றி" என்று போட்டிருந்தது. பின்னால் அப்பாவின் எழுத்தில் "கேஸ் கூப்பிடவே இல்லை."

வழக்கு என் அக்காவுடையது. 2022 ஆடி மாதம், நோன்புக்கு ஊருக்கு வந்து திரும்பிப் போகும்போது, பஸ் ஸ்டாப்பில் வைத்து அவளுடைய முன்னாள் கணவன் அரிவாளால் வெட்டினான். விவாகரத்து ஆகி அப்போது ஒரு வருஷம் முடிந்திருந்தது. கழுத்துக்கு வந்த வெட்டை இடது கையால் தடுத்தாள். தடுத்த கைதான் இன்று சாட்சி. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காது. இதற்கு மேல் அந்த நாளை இங்கே எழுதப் போவதில்லை. அது குற்றப்பத்திரிகையில் தேவையான அளவுக்கு இருக்கிறது.

குற்றப்பத்திரிகையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சொல் "எதிரி". நம் ஊர் போலீஸ் காகிதத்தில் குற்றம் சாட்டப்பட்டவரை அப்படித்தான் எழுதுவார்கள். பத்து வருஷம் நான் "மாமா" என்று கூப்பிட்ட ஆள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதல் பேன்ட் துணி எடுத்துக் கொடுத்த ஆள். அம்மாவுக்கு இன்னும் நாக்குத் திருந்தவில்லை. "இன்னிக்கு மாப்பிள்ளை வந்திருந்தாரா கோர்ட்டுக்கு?" என்று கேட்டுவிட்டு, தானே உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

காத்திருப்பது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று நினைத்திருந்தேன். அது ஒரு வேலை. லீவு சொல்ல வேண்டும், காலை ஒன்பதரைக்குப் போய் நிற்க வேண்டும், கோர்ட் கான்ஸ்டபிளிடம் முகம் காட்ட வேண்டும், டவாலி பெயர் கூப்பிடும்போது பாத்ரூமில் இருந்துவிடக் கூடாது. செல்போனில் இ-கோர்ட்ஸ் செயலி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணுமாக 16 இலக்கத்தில் ஒரு சி.என்.ஆர். எண் உண்டு. என் ஏ.டி.எம். ரகசிய எண்ணை இரண்டு முறை மறந்திருக்கிறேன். இதை மறந்ததில்லை.

நடந்த வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொலை முயற்சி வழக்கில் கைது செய்த 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால் எதிரிக்கு ஜாமீன் கேட்க உரிமை வந்துவிடும். எங்கள் வழக்கில் ரசாயனப் பரிசோதனை அறிக்கை வரவில்லை என்று ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. 92ஆம் நாள் கண்டிஷன் பெயிலில் வெளியே வந்தான். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து. பிறகு அதற்கும் தளர்வு வாங்கினான். ஜாமீன் உட்பட எந்தக் கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில்தான் லக்கிம்பூர் கேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வைக்கலாம் என்பதும் எங்களுக்குத் தெரியாது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பி.ஆர்.சி. கட்டத்திலேயே, அதாவது வழக்கை செஷன்ஸுக்கு அனுப்புவதற்கு முந்தின கட்டத்திலேயே, பல மாதம் ஓடி, செஷன்ஸுக்குப் போய், அங்கிருந்து மகளிர் விரைவு நீதிமன்றத்துக்கு மாறி (பெயரில் உள்ள விரைவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை), 2024 பிப்ரவரியில் குற்றச்சாட்டு வனைந்தார்கள். வனைவது. பானைக்குச் சொல்லும் அதே சொல்தான்.

அந்த ஜூலையில் புதிய சட்டங்கள் வந்தபோது "இனி கேஸ் சீக்கிரம் முடிஞ்சிரும்ல?" என்று சொந்தக்காரர்கள் போன் செய்தார்கள். 2024 ஜூலை 1-க்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான். எங்களுக்கு இன்னும் கொலை முயற்சிக்கான பழைய 307-தான், புதிய சட்டத்தின் 109 இல்லை என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் எனக்கே நான் வக்கீல் குமாஸ்தா மாதிரித் தெரிந்தேன்.

கோர்ட் வளாகத்தில் டீக்கடை ஒன்றுதான். வாதி தரப்புக்கு ஒன்று, எதிரி தரப்புக்கு ஒன்று என்று யாரும் கட்டி வைக்கவில்லை. ஒருநாள் டீ வாங்கித் திரும்பும்போது பின்னால் நின்றுகொண்டிருந்தான். முடியில் நரை. கழுத்தில் துண்டு. என் கையிலிருந்த கிளாஸைப் பார்த்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாக, "என்ன மாப்ள, இன்னிக்கும் வாய்தாதானா?" என்றான்.

பதில் சொல்லவில்லை. ஆனால் என் தலை, பழக்க தோஷத்தில், லேசாக ஆடியது. ஆமாம் என்பதுபோல. அதற்கு இன்றுவரை என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன். அரசு வக்கீலிடம் சொன்னபோது, சாட்சியிடம் பேசக் கூடாது என்பது கண்டிஷன், ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனு போடலாம், ஆனால் அது தனி நடைமுறை, அதற்கும் தேதி வாங்க வேண்டும் என்றார். அப்பா என்னைப் பார்த்தார். வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டோம்.

சமாதானம் பேச வந்தவர்கள் கதையும் உண்டு. பெரியப்பா முறை ஒருவர், கல்யாணத்தில் தாம்பாளம் பிடித்தவர், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். "ஒரு தொகை வாங்கித் தர்றேன். புள்ள படிப்புக்கு ஆவும். கேஸை வாபஸ் வாங்கிக்கங்க." 307 அப்படி வாபஸ் வாங்குகிற வழக்கு இல்லை, ராஜியாகப் போகிற பிரிவுகளின் பட்டியலிலேயே அது இல்லை என்றேன். அவருக்கு அதுவும் தெரிந்திருந்தது. "வாபஸ் வேணாம்ப்பா. கூண்டுல ஏறி, இருட்டா இருந்துச்சு, ஆளைச் சரியாப் பாக்கலைன்னு ஒரு வார்த்தை." பிறழ் சாட்சி என்பதை இவ்வளவு மென்மையாகச் சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சம்பவம் நடந்தது பகல் பதினொன்றரைக்கு. அப்பா ஸ்வீட் பாக்ஸை எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். அந்த வீட்டோடு போக்குவரத்து அன்றோடு சரி.

அப்பாவைப் பற்றிப் பெருமையாக எழுதிவிட்டேன். எழுதியபின் உறுத்துகிறது. ஏனென்றால் இதே அப்பா 2013இல், 2015இல், 2017இல் மூன்று முறை அக்காவைத் திருப்பி அனுப்பியவர். நானும்தான்.

முதல் முறை கன்னத்தில் விரல் தடத்தோடு வந்தாள். அம்மா ஐஸ் ஒத்தடம் கொடுத்தாள். மூன்றாம் நாள் அவன் வந்தான், அப்பா காபி கொடுக்கச் சொன்னார், சாயந்திர பஸ்ஸில் இருவரையும் ஏற்றிவிட்டோம். இரண்டாவது முறை கைக்குழந்தையோடு வந்தாள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். "அடிக்கிறது தப்புதான்" என்று ஆரம்பித்து "ஆனா" என்று தொடர்ந்தார்கள். மூன்றாவது முறை தோள்பட்டை இறங்கியிருந்தது. அந்த முறை அக்கா நேராக வீட்டுக்கு வரவில்லை. மகளிர் காவல் நிலையத்துக்குப் போய் மனு கொடுத்துவிட்டு, அங்கிருந்து எனக்குப் போன் செய்தாள்.

தமிழ்நாட்டில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் 1992இல் வந்தது. வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு இடம் வேண்டும் என்பதற்காக வந்தவை அவை. அக்கா சொன்னாள். மனு வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லை. புகாரில் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் இருந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பு வந்திருந்தாலும், குடும்பத் தகராறு என்றால் முதலில் விசாரித்துக்கொள்ளலாம் என்று அதிலேயே இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் நாங்கள் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அவன், அவன் அம்மா, எங்கள் அப்பா, நான், இரண்டு பெரியவர்கள். அக்கா சுவரோரம் நின்றிருந்தாள், தோளில் பெல்ட். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வெள்ளைத் தாளை நீட்டி, "யாராவது ஒருத்தர் எழுதுங்க" என்றார்.

என் எழுத்து அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் குறள் எழுதுவதே நான்தான். பேனாவை வாங்கினேன்.

"எனக்கும் என் கணவருக்கும் ஏற்பட்ட சிறு மனஸ்தாபம் காரணமாக மனு கொடுத்திருந்தேன். தற்போது பெரியோர் முன்னிலையில் சமாதானம் ஆகிவிட்டோம். என் கணவருடன் சேர்ந்து வாழச் சம்மதிக்கிறேன். மேல் நடவடிக்கை தேவையில்லை."

சிறு மனஸ்தாபம் என்ற சொல்லை யாரும் சொல்லித் தரவில்லை. நானாகவே போட்டேன். அக்கா படித்துப் பார்க்கவில்லை. எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டாள். நான் விரல் வைத்துக் காட்டினேன்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதும், அது 2006 அக்டோபரிலிருந்தே நடைமுறையில் இருப்பதும், மாவட்டத்துக்குப் பாதுகாப்பு அலுவலர் இருப்பதும், மனு கொடுத்தால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருப்பதும், அவள் 2019இல் ஒரேயடியாக வெளியே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 181-க்கு ஒரு போன் போதும் என்பதும் அப்போதுதான். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள். நாடு முழுக்க, அடிபட்ட பெண்களில் உதவி கேட்டுப் போனவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். என் அக்கா அந்த 14 பேரில் ஒருத்தி. கேட்ட உதவிக்கு நாங்கள் கொடுத்த பதில் என் எழுத்தில் இருக்கிறது.

விவாகரத்து ஆனபோது வீட்டில் பாயசம் வைக்கவில்லை, அவ்வளவுதான் குறை. இனி அவன் யாரோ, நாம் யாரோ என்றார் அப்பா. ஆனால் பிரிகிற நேரமும் பிரிந்த பிறகான மாதங்களும்தான் பெண்ணுக்கு ஆபத்து அதிகமான காலம் என்று இதை ஆராய்ந்தவர்கள் பல நாடுகளில் சொல்லியிருக்கிறார்கள். அக்கா இதையெல்லாம் படித்தவள் இல்லை. ஆனாலும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபின் ஊருக்கு வருகிற நாளை யாருக்கும் முன்கூட்டிச் சொல்ல மாட்டாள். அந்த ஆடிக்கு மட்டும் சொன்னாள். அம்மா ஆசையாக நாலு பேரிடம் சொல்லியிருந்தாள்.

2024 செப்டம்பரில் அக்காவின் முதல் விசாரணை, அரசு வக்கீல் கேள்வி கேட்பது, முடிந்தது. குறுக்கு விசாரணை தள்ளித் தள்ளி 2025 மார்ச்சில் நடந்தது. நானும் சாட்சி என்பதால் உள்ளே இருக்கக் கூடாது. வெளியே புங்க மரத்தடியில் நின்றிருந்தேன். ஜன்னல் வழியாக மின்விசிறி சுற்றுவது மட்டும் தெரிந்தது. இரண்டு மணி நேரம். வெளியே வந்தவள் என்னைப் பார்க்காமல் நேராகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள்.

என்ன நடந்தது என்று பிறகு சாட்சியத்தின் நகலில்தான் படித்தேன். கோர்ட் தமிழ் ஒரு மாதிரி. கேள்வி தனியாக இருக்காது, எல்லாம் பதிலுக்குள்ளேயே வந்துவிடும். "ஜீவனாம்சத் தகராறு காரணமாக எதிரி மீது பொய் வழக்கு கொடுத்துள்ளேன் என்றால் சரியல்ல. நானே தடுக்கி விழுந்து காயம் ஏற்பட்டது என்றால் சரியல்ல." பக்கம் பக்கமாகச் சரியல்ல, சரியல்ல. என் அக்கா வாழ்நாளில் இத்தனை முறை ஒரு ஆண் முன்னால் "சரியல்ல" என்று சொல்லியிருக்க மாட்டாள். நான்காம் பக்கத்தில் வேறு மாதிரி ஒரு இடம். எதிர்தரப்பு வக்கீல் ஒரு தாளைக் காட்டியிருக்கிறார். 2017இல் நான் எழுதியது. அவர்கள் அதை லேமினேட் செய்து வைத்திருந்தார்களாம், எட்டு வருஷமாக. அது எ.சா.ஆ.1 ஆகியிருக்கிறது. எதிர்தரப்புச் சான்றாவணம் ஒன்று.

அதற்குக் கீழே அக்காவின் பதில்: "எனக்குக் காட்டப்படும் ஆவணத்தில் உள்ள கையெழுத்து என்னுடையது. எழுத்து என் தம்பியுடையது."

இந்த இரண்டு வரியையும் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கு இல்லை. அதில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். தட்டச்சு செய்த தாளில் குரல் இருக்காது. ஒருநாள் ராத்திரி நேரடியாகவே கேட்டேன். "உள்ளதைத்தானேடா சொன்னேன்" என்றாள். அத்தோடு எழுந்து போய்விட்டாள்.

ஷ்ரத்தா வால்கர் வழக்கைப் படித்தபோது எனக்கு இந்தத் தாள்தான் கண்முன் வந்தது. 2020 நவம்பரில் மும்பைக்கு அருகே போலீசில், கூட இருப்பவன் அடிக்கிறான், கொன்றுவிடுவேன் என்று மிரட்டுகிறான் என்று எழுதிக் கொடுத்த பெண். அடுத்த மாதமே தகராறு எதுவும் இல்லை என்றும் எழுதிக் கொடுத்தார். 2022 மே மாதம் டெல்லியில் கொல்லப்பட்டார். மகளுக்குக் கடைசிக் காரியம் செய்ய எலும்புகளைக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்த அவருடைய அப்பா, வழக்கு முடியும் முன்பே 2025 பிப்ரவரியில் இறந்துபோனார். அந்தச் செய்தி வந்த பேப்பரை அப்பாவின் கையில் கிடைக்காமல் எடுத்து ஒளித்துவைத்தேன். அவர் டிவியில் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று பிரஷர் மாத்திரையை ஞாபகமாகப் போட்டுக்கொண்டார்.

அக்கா இப்போது கம்பெனியில் மெஷினில் உட்காருவதில்லை. துணியைத் தள்ளிக் கொடுக்க இடது கை வேண்டும். செக்கிங்கில் இருக்கிறாள், சம்பளம் குறைவு. வீட்டில் தேங்காய் உடைப்பதுதான் பெரிய பாடு. இடது கையில் பிடித்தால் நழுவும். அரிவாளும் வீட்டில் வைப்பதில்லை. வாசல்படிக் கல்லில் ஓங்கி அடிப்பாள், தண்ணீர் எல்லாம் சிந்திப் போகும். பையன் டம்ளரோடு ஓடி வருவான். பதினொரு வயசாகிறது. வழக்கு பற்றி அவன் எதுவும் கேட்பதில்லை. வாய்தாவுக்கு முந்தின நாள் மட்டும் அம்மாவோடு படுத்துக்கொள்கிறான்.

என்ன தண்டனை கிடைத்தால் நிம்மதி என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆயுள் வரைக்கும் கொடுக்க இடம் உள்ள பிரிவு. எனக்கு வருஷக் கணக்கு தோன்றுவதில்லை. அவன் தரப்பு லேமினேட் செய்து வைத்திருக்கும் அந்தத் தாளுக்கு மேலே இன்னொரு தாள் வர வேண்டும், அதில் நீதிபதியின் எழுத்தில் நடந்தது நடந்ததாக இருக்க வேண்டும். சிறு மனஸ்தாபம் என்று இருக்கக் கூடாது.

போன மாதம் எனக்குச் சம்மன் வந்தது. அரசு தரப்பு சாட்சி 3. பஸ் ஸ்டாப்புக்கு ஓடி முதலில் போய்ச் சேர்ந்தவன் நான். அதைச் சொல்ல வேண்டும். குறுக்கு விசாரணையில் தாளைக் காட்டுவார்கள், எழுத்து உங்களுடையதா என்று கேட்பார்கள் என்று அரசு வக்கீல் சொல்லியிருந்தார். "ஆமான்னு சொல்லிட்டு நிறுத்துங்க. விளக்கம் எல்லாம் சொல்லிட்டு இருக்காதீங்க." ஆனால் எனக்கு விளக்கம் சொல்லத்தான் ஆசை. நான்கு நாள் தூங்காமல் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கு அக்காவும் லீவு போட்டு வந்திருந்தாள். அவள் சாட்சி முடிந்ததால் உள்ளே உட்காரலாம். நான் சொல்வதைக் கேட்கப் போகிறாள் என்பதுதான் எனக்குப் பயம்.

பன்னிரண்டு மணிக்கு டவாலி கூப்பிட்டார். எதிரி ஆஜர். எதிரியின் வக்கீல் உயர் நீதிமன்றத்தில் வேறு வழக்கில் இருக்கிறாராம், ஜூனியர் எழுந்து மனு கொடுத்தார். அடுத்த மாதம் 14. மொத்தம் ஒன்றரை நிமிஷம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தாளைக் கிழித்தார். கண்ணாடியை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்திருந்தார். தாளையும் பேனாவையும் என்னிடம் நீட்டி, "நீயே எழுதுடா" என்றார். "எ.த. வக்கீல் வரவில்லை" என்று எழுதினேன். அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் எழுத்து அப்படியேதான்டா இருக்கு" என்றாள். தாளை வாங்கி, மடங்காத இரண்டு விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, வலது கையால் கம்பியை நேராக்கிக் குத்தினாள். 42.